மஞ்சள் வண்டியின் சிவப்பு விளக்கு

கார் பட்டறைத் தொழிலில் பாதி நேரம் வண்டியில் என்ன கெட்டுப்போயிற்று என்று பார்க்கிறோம். மீதி நேரம் வண்டிக்காரர் எதைப் பார்க்காமல் விட்டார் என்று பார்க்கிறோம். பட்டறை நடத்துகிறவர்களுக்கும், பட்டறை வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தே முதுகுவலி வாங்கியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான் ஷார்ஜாவில் பதினாறு வருஷம் பெரிய இடத்து வண்டிகளோடு இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் ஓசூருக்குத் திரும்பி, பாகலூர் சாலையில் பட்டறை போட்டேன். பள்ளியில் ஐந்தாவது வரை கன்னடம், அப்புறம் தமிழ். யார் எந்த மொழியில் திட்டினாலும் புரியும் என்பதே அந்தப் படிப்பின் பலன்.

நிற்காமல் வந்தவர்

பேரிகை முனிராஜ் பசுமைக்குடில் போட்டுக் குடமிளகாய் வளர்ப்பவர். சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை, ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினார். மஞ்சள் நிறம், இரண்டே சீட், தரையோடு தரையாகப் போகும். நம் வேகத்தடைகள் அந்த மாதிரி வண்டியை மனதில் வைத்துப் போட்டவை அல்லவே. ஒன்றில் உரசி, அடியிலிருக்கும் ஆயில் சேம்பர் விரிசல் விட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட என்னிடம் வந்தார். மீட்டரில் எண்ணெய் டப்பா படம் போட்ட சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கூடவே அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணி முந்தைய முதலாளி காலத்திலேயே ஊமையாகிவிட்டதாம்.

அந்த விளக்கு எரிந்தால் இன்ஜினுக்குள் எண்ணெய் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் இறுகிக்கொள்ளும், அப்புறம் வண்டியைக் காட்சிக்குத்தான் வைக்கலாம். பாகலூர் கிட்டேயே எரிந்ததாமே, ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "நிறுத்தலாம்னுதான்ணா பாத்தேன். நிறுத்தினா, ஒருக்கா உள்ள உக்காந்து பாக்கறேன்னு பத்து பேர் வந்துடறாங்க, அப்பறம் கிளம்பவே முடியறதில்ல."

மஞ்சுளாவின் நிபந்தனை

நல்லவேளை, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது சேம்பர் மாட்டி, அதற்குக் கீழே ஒரு தகடும் அடித்துக் கொடுத்தேன். வண்டி எடுக்க முனிராஜ் மனைவி மஞ்சுளாவோடு வந்தார். இருவரும் என்னிடம் தமிழில் பேசுவார்கள். சண்டை மட்டும் தங்களுக்குள் தெலுங்கில். அன்று தெலுங்கு கொஞ்சம் அதிகமாகவே ஓடியது.

அந்த வண்டி ஏற்கெனவே இரண்டு முறை மஞ்சுளாவை நடுவழியில் இறக்கிவிட்டிருந்தது. அதில் ஒன்று குந்தாரப்பள்ளியில், சந்தை நாளில். முன்னும் பின்னும் மாடுகள், நடுவில் பட்டுப்புடவையோடு அவர். இனி ஒரே ஒரு தடவை வழியில் நின்றாலும் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று, என்னைச் சாட்சியாக வைத்து, புருஷனிடம் வார்த்தை வாங்கினார். முனிராஜ் பாவம், மஞ்சள் பானெட்டைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். போகும்போது மஞ்சுளா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அன்னிக்கு மாடாவது தட்டினா நகர்ந்துச்சுண்ணா."

உழுமா, ஓடுமா

அடுத்த மாதம் வீட்டு வாசலில் கிளப்பும்போதே விளக்கு எரிந்தது. எரிந்தால் அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்யச் சொல்லியிருந்தேன். முனிராஜ் சொன்னதில் பாதியைக் கேட்டார், அணைத்தார். போனுக்குப் பதில் ஷெட்டில் டிராக்டருக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்து, குறை வைக்கக் கூடாதென்று கழுத்துவரை ஊற்றிவிட்டு, கிளப்பப் பயந்து, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றது வழியில் நின்றதாகாது என்று மஞ்சுளா பெருந்தன்மையாக விட்டுவிட்டாராம்.

என்னோடு வேலை பார்க்கும் கணேசன் திருநெல்வேலிக்காரர். ஃபேக்டரி வேலைக்கென்று ஓசூர் வந்து, ஷிப்ட் ஒத்துவராமல் என்னிடம் சேர்ந்தவர். எண்ணெயை இறக்கி, விரலில் தொட்டுப் பார்த்து, முனிராஜையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இனி இது உழுமா ஓடுமான்னு அதுகிட்டயே கேட்டுக்கிடச் சொல்லுங்க."

நான் வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்தது. ஷார்ஜாவில் பதினாறு வருஷம் கொண்டாடாததையெல்லாம் சேர்த்துக் கொண்டாடினேன். பட்டறையில் நின்ற எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் என் கையாலேயே. எண்ணெய் மாற்றி நின்றிருந்த மஞ்சள் வண்டிக்கு பானெட், ஸ்டியரிங், அதோடு மீட்டர் கண்ணாடியிலும் தாராளமாக ஒரு பொட்டு. முனிராஜ் அதை பக்தியோடு துடைக்காமல் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, கிருஷ்ணகிரியில் மஞ்சுளாவின் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் காலையில் இருவரும் கிளம்பினார்கள். சூளகிரி தாண்டி நல்ல வேகம். முனிராஜ் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார். ஓட்டுகிறவர் கண்ணுக்குப் பொட்டு விளக்கைச் சரியாக மறைத்தது. பக்கத்து சீட்டிலிருந்து சாய்வாகப் பார்த்த மஞ்சுளாவுக்கு, பொட்டின் ஓரத்தில் இன்னொரு சிவப்பு தெரிந்திருக்கிறது. "ஏங்க, உங்க குங்குமம் எரியுது. ஓரங்கட்டுங்க." அவர் தயங்க, மஞ்சுளா தெலுங்குக்கு மாறியிருக்கிறார். உடனே நின்றது வண்டி.

போன் வந்ததும் நானும் கணேசனும் ஓடினோம். எண்ணெய் அழுத்தம் பார்க்கும் பிரஷர் சுவிட்ச் பக்கம் கசிந்து, எண்ணெய் பெரும்பாலும் ரோட்டில் போயிருந்தது. இன்னும் சற்று ஓட்டியிருந்தால் இன்ஜின் அவ்வளவுதான். கணேசன் பொட்டைச் சுரண்டி எடுத்து என் பக்கம் நீட்டினார். நானே ஒப்புக்கொண்டேன். யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. முனிராஜ் மட்டும் வண்டிமேல் கை வைத்தபடி, "சரி, நின்னுடுச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். வித்துடலாம்" என்றார். கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய பூவை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சுளா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "வண்டி எங்க நின்னுச்சு? நான் நிறுத்தினேன். அது கணக்குல வராது."

இப்போதும் என் பட்டறையில் ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் பொட்டு உண்டு, மீட்டருக்கு மட்டும் தூரத்திலிருந்து ஒரு கும்பிடு.