பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து

என் மகள் பாடும் குழுவில் ஏழு பேர். கும்பியா என்ற கொலம்பிய ஆட்டப்பாட்டைக் கனடாவின் மொன்றியலில் ஒன்பது வருடங்களாக வாசிக்கிறார்கள். முதல் வருடம் பாதிரியார் அங்கியில் குத்தாட்டம் போட்டு, ஒத்திகைக்கு இடம் கொடுத்த தேவாலயத்திலிருந்தே துரத்தப்பட்டார்கள். மூன்றாம் வருடம் பச்சை இறைச்சியை மாலையாகப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்கள். நாற்றம் ஐந்தாம் வரிசை வரை போனதாம். துரத்தப்பட்ட ஒவ்வொரு தடவையும் கூட்டம் கூடியது. அதை அவள் வளர்ச்சி என்கிறாள்.

இவ்வளவையும் பொறுத்தேன். இந்தக் கோடையில், கோயில் சாப்பாட்டு வரிசையில் ஒருவர் கைபேசியில் ஓடிய காணொளியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணை, இது உங்கட மகள்தானே? சட்டையும் உங்கடையோ?"

என்னுடையதுதான். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடங்கள் கொள்கலன்களை எண்ணியபோது நான் போட்ட செம்மஞ்சள் மேற்சட்டை. அதை வெற்றுடம்பில் மாட்டிக்கொண்டு, நான் எண்ணுகிற மாதிரியே எண்ணிப் பாடினாள். பாட்டு முழுக்க எண்கள்தான்.

அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லத்தான் ஞாயிறு மத்தியானம் பூங்காவுக்குப் போனேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் வரை எண்ணினேன். பிறகு ஆடத் தொடங்கிவிட்டார்கள், எண்ண முடியவில்லை. வியர்வையும் பியரும் மணத்தன. முப்பத்தாறு வயது மகள் இடுப்பை வெட்டி "ஒண்டு, ரெண்டு" என்றாள். அத்தனை வாய்களும் என் எண்களைச் சப்பித் துப்பின. பதின்மூன்று முடிந்ததும் எல்லோரும் எம்பிக் குதித்து, "பதினைஞ்சு" என்று கத்தினார்கள்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் அவளைப் பிடித்தேன்.

"பதினாலை விட்டிட்டாய். எண்ணத் தெரியாட்டி ஏன் எண்ணுறாய்?"

"விடேல்லை அப்பா. நாங்கள் முதல் இருந்த வீட்டு வெளிப்படியில பதினாலாவது உடைஞ்சு கிடந்தது. பனிக்காலம் முழுக்கப் பதின்மூண்டு எண்டதும் என்னைத் தூக்கிப் பதினைஞ்சில வைச்சனீங்கள்."

அந்தப் படிகள் பத்தொன்பது என்பது நினைவிருந்தது. உடைந்த படி நினைவில்லை.

"இந்தச் சனத்துக்கு அது தெரியுமோ?"

"தெரியாது. சும்மா பாயினம்."

நிறுத்து என்று சொல்ல வந்த வாய் வேறொன்றைச் சொன்னது.

"சட்டையைக் கழட்டித் தா."

"உள்ளுக்கு ஒண்டும் போடேல்லை அப்பா."

"அப்ப பேந்து தா. தோய்ச்சுத் தா."

இரண்டாம் பாதியிலும் அந்தப் பாட்டு வந்தது. எனக்கு அருவருப்பு குறையவில்லை. பதின்மூன்று வந்தபோது மட்டும் அவள் கால்களைப் பார்த்தேன். சரியாகத்தான் தாண்டினாள்.