அண்ணன் பெற்றோல் பம்ப் மாற்றிய வாரம்

அண்ணனின் முதலாண்டுத் திதிக்காக, இந்த மழையிலும் தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேல்கணக்கு வரை ஏறி வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். நினைவு மலரில் இறந்தவரைப் பொறுமைசாலி என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதினால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருடைய வண்டியில் ஏறித் திட்டு வாங்காமல் இறங்கியவர் இந்தத் தோட்டத்தில் யாராவது உண்டா?

பூண்டுலோயாவுக்கு மேலே, இதே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தவறியபோது அவர் சாதாரண தரப் பரீட்சைகூட எழுதியிருக்கவில்லை. அம்மா கொழுந்து பறித்துக் கொண்டுவருவது மூன்று பேருக்குப் போதாது என்று தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறினார். பிறகு அதே லொறிக்குச் சாரதியானார். தான் விட்ட படிப்பை என்னைப் படிக்கவைத்து முடித்தார். நான் இன்று ஆசிரியை என்றால் அது அவர் போட்ட பிச்சை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அந்த லொறியில்தான் ஒரு பழக்கம் அவரிடம் ஒட்டிக்கொண்டது. எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்துவார். பற்றரி காலை வாரினால் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் அல்லவா? மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். பிறகு சொந்தமாக பின்பெட்டி வைத்த ஒரு பழைய பெற்றோல் கெப் வண்டி வாங்கியபோதும் அப்படியேதான் நிறுத்தினார்.

மரக்கறி ஏற்றத்தான் அந்த வண்டியை வாங்கினார். ஆனால் எங்கள் பாதையில் மழைக்காலத்தில் முச்சக்கரவண்டி ஏறாது. அம்புலன்ஸ் கீழே பாலத்தோடு நின்றுவிடும். ஆகவே காய்ச்சல்காரர், கர்ப்பிணி, கொழுந்து மலையில் வழுக்கி விழுந்தவர் என்று எல்லாரும் அண்ணனின் வாசலுக்குத்தான் வந்தார்கள். ஒரு தீபாவளிக்குக்கூட அவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு வெளியே போக வேண்டும் என்று ஆசை. கடைசியில் கட்டாரில் சாரதி வேலை ஒன்று சரிவந்தது. அண்ணிக்கும் எனக்கும் மட்டும்தான் சொன்னார். வட்டகொடையில் ஒருவர் வண்டியை எடுத்துக்கொள்வதாக இருந்தது. வியாழக்கிழமை வண்டியை அவரிடம் விட்டுவிட்டு, அங்கேயே ரயில் ஏறி, வெள்ளிக்கிழமை கொழும்பில் மருத்துவப் பரிசோதனைக்குப் போவதென்று ஏற்பாடு. அந்த நாள் தவறினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருகினால் பெற்றோல் தாங்கிக்குள் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். அன்று அது இல்லை. வழக்கம்போல உருட்டிப் பார்த்தார். வண்டி லயத்துக்குக் கீழே உள்ள வளைவுவரை போய், சேற்றில் படுத்துவிட்டது.

டவுனிலிருந்து நடந்தே வந்த கராஜ்காரர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். அது பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம். தாங்கியில் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கிறது. மூக்கைப் பள்ளத்தில் வைத்து நிறுத்தினால் இருக்கிற கொஞ்சமும் முன்பக்கம் ஓடிவிடும். தாங்கிக்குள் பின்பக்கம் இருக்கிற பெற்றோல் பம்ப் ஒவ்வொரு காலையும் காற்றைக் குடிக்கும். பெற்றோலில் மூழ்கியிருந்தால்தான் அதன் சூடு தணியும். இப்படி நாள்பட்டதில் எரிந்துபோயிருக்கிறது. அளவு காட்டும் முள்ளோ எப்போதும் பாதியில் நின்றது, ஏனென்றால் உள்ளே மிதவையின் கம்பி சிக்கியிருந்தது. அதை நம்பித்தான் அண்ணன் ஓட்டியிருக்கிறார். மலையில் வேறு எப்படி நிறுத்துவதாம் என்று அண்ணன் அவர்மேலும் பாய்ந்தார்.

பம்பும் மிதவையும் சேர்ந்த புதுச் சாமான் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேரப் புதன்கிழமை காலை ஆகிவிட்டது. அந்தச் சேற்றில் ஜாக்கி நிற்காது. ஆகவே தாங்கியைக் கீழே இறக்க முடியாது. பின்பெட்டியை அப்படியே மேலே தூக்கி எடுப்பதுதான் ஒரே வழி. அண்ணன் இதைச் சொல்லி வாய் மூடவில்லை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற ஆண்கள் அப்படியே திரும்பி வந்துவிட்டார்கள். வேலை வாங்க வேண்டிய கண்டாக்கு ஐயா பார்த்தும் பாராதவர்போல் போனார். துருப்பிடித்த ஆணிகளைக் கழற்றி, பெட்டியைத் தூக்கிப் புல்லில் வைத்தார்கள். அண்ணன் போகப்போகிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. "நம்ம வண்டி" என்று சொல்லிச் சொல்லித் தூக்கினார்கள்.

அண்ணன் பற்றரி வயரைக் கழற்றினார். தாங்கியின் மூடியைச் சுற்றியிருந்த மண்ணை, உள்ளே ஒரு துளி விழாமல் துடைத்தார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கினார். முதல் தடவை மிதவை தாங்கியின் சுவரில் இடித்தது. திருப்பி வைத்து, புது ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். சாவியைத் திருகியதும் ரீங்காரம் கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணனின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை, மறுநாள் ரயில் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அடுத்த லயத்துப் பரமேஸ்வரி வந்தாள். நிறைமாதம்.

"அண்ணே, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வண்டி படுத்துருச்சுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இப்பதான் உசுரு வந்துச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. கூண்டுக் கதவு சாத்துவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"விடிஞ்சதும் வந்து நில்லு. லேட்டானா விட்டுட்டுப் போயிருவேன்" என்று அவளிடம் எரிந்து விழுந்தார்.

வியாழக்கிழமை அவளைக் கொண்டுபோனார். பிரசவம் சிக்கலாகி, இரத்தம் தேடி, அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமையும் அலைந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கட்டார் போனது போனதுதான். இதைத் தியாகம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அண்ணன் போகத்தான் ஆசைப்பட்டார். மாட்டிக்கொண்டார். அதன்பிறகு எல்லாரையும் திட்டிக்கொண்டே ஏற்றினார், திட்டிக்கொண்டே இறக்கினார்.

வேறு ஒருவரும் ஓட்டப் பழகவில்லை. அண்ணன்தான் இருக்கிறாரே என்றார்கள். எனக்காவது பழக்குங்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாம் தங்கச்சி. நீ பழகிட்டா உன்னையும் விடமாட்டாங்க. மாற்றல் எடுத்துக்கிட்டுப் போயிரு" என்றார்.

போன வருடம் மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. வண்டி நல்ல நிலையில் வாசலில் நின்றது. "வண்டிய எடுங்கடா" என்றார். எடுக்க ஆளில்லை. அவரிடம் திட்டு வாங்கி வாங்கியே அந்த வண்டியில் ஏறி இறங்கியவர்கள், அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கம்பளியில் கிடத்தித் தேயிலை மலைக் குறுக்குப்பாதையால் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாலத்தை எட்டுவதற்குள் அவர் போய்விட்டார்.

அந்த மழையில் அவரைச் சுமந்த லயத்துச் சகோதரர்களுக்கும், பாலத்தடியில் காத்து நின்ற முச்சக்கரவண்டித் தம்பிக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பற்றவைத்த பரமேஸ்வரிக்கும், துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் அண்ணியும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் வேண்டாம் என்றதை நான் செய்துவிட்டேன். லைசன்ஸ் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுவருகிறேன். வீட்டுக்கு ஒருவராவது வந்து ஓட்டப் பழகுங்கள். இன்னொரு ஆளை இந்த வண்டியில் கட்டிப்போட எனக்கு மனமில்லை, என்னையும் சேர்த்துத்தான்.