தலைமாட்டில் சிவப்புத் துண்டு

நர்சிங் இரண்டாம் வருடப் பரீட்சைக்காகப் பூச்சி மருந்து விஷப் பாடத்தை மனப்பாடம் செய்திருந்தேன். உடுப்பு முழுவதையும் எடு. தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுக் கழுவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப் படித்தவள்தான் ஒரு மனிதனைச் சாகவிட்டேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருநாள் காலையில் அவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். சம்பா பயிருக்கு மருந்து அடித்தவர். பண்ணையில் கையுறைகூடக் கொடுக்கவில்லை. எதிர்க்காற்று. சிவப்புத் தோள்துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு அடித்திருக்கிறார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி ஊசிமுனை அளவு. டாக்டர் விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி போட்டார். நான் சட்டை வேட்டியை வெட்டி எடுத்துக் கழுவினேன். துண்டை மட்டும் அவர் மனைவி விடவில்லை.

"அதத் தொடாத. மேல துண்டு போட்டுக்கிட்டு வரப்புல நடந்ததுக்கு இந்த மனுசனத் தென்னையில கட்டி அடிச்சாங்க. இங்கயும் எடுன்னா எப்படி?"

"மருந்து பட்டிருக்குக்கா."

"பிழிஞ்சிட்டேன். நீ எந்த ஊரும்மா?"

சொன்னேன். தெருவையும் அவளே புரிந்துகொண்டாள்.

"அப்ப ஒனக்குத் தெரியணுமே."

தெரியும். ஆட்சி மாறி, ஆள்பவர்கள் முழங்கால்வரை துண்டு தொங்க மேடையேறிய பிறகும், எங்கள் தெரு ஆண்கள் மிராசுதாரைக் கண்டால் துண்டைக் கக்கத்தில் இடுக்கினார்கள். என் அப்பாவும்தான். செங்கொடி விவசாயச் சங்கம் வந்த பிறகே சிவப்புத் துண்டு தோளில் ஏறியது. அதை நான் பிடுங்குவதா? அவர் தலைக்கு அடியில் மடித்து வைக்க விட்டேன். டாக்டர் பார்த்துவிடக் கூடாதென்று தலையணை உறையை அதன்மேல் நானே போர்த்தினேன்.

மதியம் தெளிந்தார். மருந்து வேலை செய்வதற்கு அடையாளமாக நாக்கு உலர்ந்தது. "வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?" என்று மனைவியிடம் கேட்டார். ஒரு மணி நேரத்தில் மறுபடி நுரை. ஊசி போட்டால் தெளிவார். அப்புறம் மறுபடி நுரை.

வார்டு சிஸ்டர் வந்தார்.

"புத்தகத்தக் கரைச்சுக் குடிச்சியே, இவர ஒழுங்காக் கழுவினியாடி?"

"கழுவினேன் சிஸ்டர்."

சிஸ்டர் நகர்ந்ததும் அவருடைய பின்கழுத்தில் கை வைத்தேன். ஈரம். மருந்து நெடி. துண்டிலிருந்து தோல் வழியாக விஷம் இத்தனை நேரமும் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. உருவி எறிந்தேன். அவள் என் கன்னத்தில் அறைந்தாள். வாங்கிக்கொண்டு தலைமுடியையும் கழுத்தையும் திரும்பத் திரும்பக் கழுவினேன். சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். டாக்டர் ஓடிவந்து ஊசிக்குமேல் ஊசி போட்டார். நெஞ்சில் சளி கொதித்தது. பொழுது சாயும்போது மூச்சு நின்றுவிட்டது.

அவள் அழவில்லை. "காலையிலயே எடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன். பொய். பெரும்பாலும் பிழைத்திருப்பார்.

"நாந்தான தொடாதன்னேன்" என்றாள் அவள்.

அந்தப் பாடத்தைப் படித்தவள் நான், படிக்காதவள் அவள். இல்லைக்கா, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழியை அவளே சுமந்துகொண்டு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.