கழல்வதற்கென்றே மாட்டுவது

எங்கள் தொழிலில் ஒரு சாமான் நன்றாக இருக்கிறது என்றால், அது சரியான நேரத்தில் கழன்று விழுகிறது என்று அர்த்தம். இதை மைசூரில் நாலு பேருக்கு விளக்கிச் சொல்லிப் பாருங்கள், என் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். மிக்சி, கீசர், வாட்டர் பில்டர் என்று எதையாவது பழுதுபார்த்து, வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுந்துகொண்டிருக்கும் சகோதரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

நான் பார்ப்பது பனிச்சறுக்குக் கட்டையின் பைண்டிங், அதாவது பூட்ஸைக் கட்டையோடு பிடித்துவைக்கிற பூட்டு. மைசூரில் பனி கிடையாது. நான் பிறந்த கொள்ளேகாலிலும் கிடையாது. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் சேர்வதைத் தவிர வேறு பனியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. தொழிலைக் கம்பெனிக்காரர் ஒருவர் பெங்களூரில் ஏசி அறையில் வைத்துக் கற்றுக்கொடுத்தார். ஆனாலும் குளிர்காலம் வந்தால் காஷ்மீருக்குக் கிளம்புகிற கூட்டம் இங்கேயும் உண்டு என்பதால், விளையாட்டுச் சாமான் கடையில் டிரெட்மில்லுக்கும் கேரம் போர்டுக்கும் நடுவே எனக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது இரட்டைக் குணமுள்ள ரகம். மலை ஏறும்போது பூட்ஸின் மூக்கிலுள்ள இரண்டு குழிகளில் இரண்டு ஊசிமுனைகள் பிடித்துக்கொள்ளும், குதிகால் செருப்புப் போட்டு நடப்பதுபோல எழும்பும். இறங்கும்போது குதிகாலும் பூட்டிக்கொள்ளும். ஆள் விழுந்தால் மூக்கு, குதிகால் இரண்டையும் அது விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கட்டை ஒரு பக்கம் திரும்பும், உடம்பு இன்னொரு பக்கம் திரும்பும், நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி.

சம்பத் மாமாவின் ஒரே நிபந்தனை

இந்த வருஷம் முதலில் வந்தது வைதேஹி. கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது முட்டியில் ஆபரேஷன் ஆனவள். காஷ்மீர் போகலாம், ஆனால் பைண்டிங் ஒழுங்காக விடுவதாக இருந்தால் மட்டும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை அந்த முட்டி திரும்பினால் மாடிப்படி ஏறுவதே கஷ்டமாகிவிடுமாம். ஆக, அந்த முட்டி என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

கூடவே அவள் அப்பா சம்பத் மாமாவும் வந்திருந்தார். மேல்கோட்டைப் பூர்வீகம், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பக்கத்திலேயே நின்று, "அப்பா, இது கழலணும், அதான் டாக்டர் சொன்னார்" என்றாள். மாமா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "சிவராஜு, நேக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இது கழலப்படாது. எக்காரணம் கொண்டும் கழலப்படாது."

எடை

பைண்டிங்கில் சின்ன ஜன்னல்போல ஒன்று இருக்கும், அதற்குள் ஒரு எண் தெரியும். ஆளின் எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், சறுக்கத் தெரிந்த அளவு எல்லாம் பார்த்து அந்த எண்ணைத் திருப்பி வைக்க வேண்டும். எடையைக் குறைத்துச் சொன்னால் எண் குறையும், ஓடும்போதே பூட்ஸ் கழன்றுவிடும். கல்யாண விளம்பரத்தில்கூட இவ்வளவு விவரம் கேட்க மாட்டார்கள். நான் தினமும் கேட்க வேண்டியிருக்கிறது.

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அந்தப் பெண் ஒரு எடையைச் சொன்னாள். நான் எண்ணைத் திருப்பினேன். கணவன் அவளுக்குத் தெரியாமல் மேலே பத்து கூட்டும்படி கண்ணைக் காட்டினான். நான் கூட்டினேன். கடையில் எடை பார்க்கும் மிஷின் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், இருவர் முகமும் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் கேரம் போர்டு விலையெல்லாம் விசாரித்தார்கள். கடைசியில் கணவன் ஜூஸ் குடிக்க வெளியே போனதும் அவள் ஓடிப்போய் மிஷினில் ஏறி இறங்கி, என் காதோரம் உண்மையைச் சொல்லிவிட்டு விரலை ஆட்டினாள்: "பைண்டிங்குக்குத் தெரிஞ்சா போதும் சிவண்ணா. இவருக்குத் தெரிய வேண்டாம்."

ஒன்பதாம் நம்பர்

சைட், அதாவது வீட்டுமனை, வாங்கி விற்கிற ஒருவர். கையில் விரலைவிட மோதிரம் அதிகம். அவருக்குக் கணக்குப்படி ஆறு வந்தது. ஆறு தனக்கு ஆகவே ஆகாது, ஒன்பதுதான் ராசி என்றார். கார் நம்பர் ஒன்பது, வீட்டு நம்பர் ஒன்பது. ஒன்பது வைத்தால் பைண்டிங் விடுவதற்கு முன்னால் கால் விட்டுவிடும் என்றேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னார். அட்ஜஸ்ட் பண்ணுவதுதான் என் தொழிலே, அதற்கு ஒரு அளவிருக்கிறது என்றேன்.

அவர் யோசித்தார். வலது காலுக்கு ஆறு, இடது காலுக்கு மூன்று வை, கூட்டினால் ஒன்பது என்றார். இடது கால் நடக்கும்போதே கழன்று போகும் என்று புரியவைக்க ஒரு டீ செலவானது. கடைசியில் இரண்டு காலுக்கும் ஆறையே வைத்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒன்பது என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். அங்கேயே மாட்டிக்கொண்டு நாலு அடி நடந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சிவண்ணா, ஒம்பது போட்டதுமே கால் எவ்வளவு லேசா இருக்குது."

பட்டர்ஸ்காட்ச்

வைதேஹியின் பைண்டிங்கை மட்டும் சாதாரணச் சோதனையோடு விட எனக்கு மனசு வரவில்லை. மூக்குக்கடியில் ஒரு சின்னத் தகடு உண்டு. அது பூட்ஸை ரொம்ப அழுத்தவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. நான் கொள்ளேகால் பஸ் டிக்கெட்டை நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். கொஞ்சம் முரண்டு பிடித்து, கிழியாமல் வந்தால் சரி. டிக்கெட் சரியாகத்தான் வந்தது. ஆனால் மைசூர் வெயிலில் வருகிற டிக்கெட், பனியில் வருமா என்று யாருக்குத் தெரியும்?

அதனால் பக்கத்து ஐஸ்கிரீம் கடை ரமேஷிடம் கெஞ்சி, அவன் பெரிய ஃப்ரீசரில் பூட்ஸோடு பைண்டிங்கை வைத்தேன். கட்டை நீளம் என்பதால் மூடி மூடவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே, மேலே சாக்கு. மத்தியானம் திறந்து அங்கேயே குனிந்து முறுக்கிப் பார்த்தேன். 'டக்'கென்று விட்டது. எனக்கிருந்த சந்தோஷத்தில் இன்னும் நாலு தடவை மாட்டிக் கழற்றினேன். பின்னால் கோனுக்காக ஒரு குடும்பமே வரிசையில் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. ரமேஷ் கையைக் கூப்பினான்: "அண்ணா, உங்க செருப்ப எடுத்துடுங்க. பட்டர்ஸ்காட்ச்ல கிரீஸ் வாசனை வருதுன்னு அந்தம்மா சொல்றாங்க."

உமிமேடு

எங்கள் ஊர்ப்பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவர் மகனின் கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். குதிகால் பாகம் நகரவே இல்லை. திறந்தால் உள்ளே முழுக்க உமி. மகன் காஷ்மீர் போவதற்கு முன்னால் பழக வேண்டும் என்று மில்லுக்குப் பின்னாலிருக்கிற உமிமேட்டில் ஏறி ஏறிச் சறுக்கியிருக்கிறான். யோசனை மோசமில்லை, நானே ஒருமுறை போய்ப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது.

பிரஷ் போட்டுத் தட்டத் தட்ட, அரைப்படி உமி வந்தது. சுத்தம் செய்து மாட்டி, கட்டையைத் திருகிக் கழற்றியும் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "ஏனுங்க, கழலறதுதான் வேணும்னா எங்கூட்டு எருமைக் கயிறே போதுமுங்களே. அது தெனமும் கழலுதுங்க."

காப்பு

வைதேஹியின் கூட்டம் காஷ்மீர் போய்ச் சேர்ந்து, முதல் நாள் காலை. சம்பத் மாமா கடை திறந்ததுமே வந்து, ஓடாத டிரெட்மில் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். என் போனில் வீடியோ கால் வந்தது. பூட்ஸ் மாட்டவில்லை என்றாள் வைதேஹி. பின்னால் ஒரே வெள்ளை. அதைப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. பூட்ஸின் மூக்கைக் காட்டச் சொன்னேன். ஊசிமுனை போக வேண்டிய இரண்டு குழியிலும் மஞ்சளாகக் கல்போல ஏதோ அடைத்திருந்தது, அதன்மேல் சிவப்பு. மாமா போனை எட்டிப் பார்த்து, "சந்தனம். நான்தான் அரைச்சேன்" என்றார். புது வண்டிக்குச் செய்வதுபோல, கிளம்புவதற்கு முந்தின நாள் கட்டைகளுக்கும் பூட்ஸுக்கும் பூஜை போட்டிருக்கிறார். கட்டைக்கடியில் எலுமிச்சம்பழம்கூட நசுக்கியாகிவிட்டதாம். சந்தனம் வைக்க அளவெடுத்ததுபோல இரண்டு குழி கிடைத்தால் மனுஷன் சும்மா விடுவாரா?

ஃபிளாஸ்க் வெந்நீரும் ஹேர்பின்னும் கொண்டு சந்தனத்தை எடுக்கச் சொன்னேன். மூக்கு மாட்டிக்கொண்டது. குதிகால் அப்போதும் மாட்டவில்லை. காட்டச் சொன்னால், குதிகால் பாகத்தை அசையவிடாமல் கட்டையோடு சேர்த்து மஞ்சள் நூல் சுற்றிக் காப்புக் கட்டியிருக்கிறது. நூலை விலக்கிப் பார்த்தாள். உள்ளே நீல நிறத்தில் துணி காயப்போடுகிற நைலான் கயிறு. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கேரம் போர்டுகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நூலுக்குப் பெருமாள் பொறுப்பு. நைலான் சும்மா ஒரு தொணைக்கு."

டிரெட்மில்லுக்கு முன்னால்

அறுத்துவிடு என்றேன். அப்பா கட்டிய காப்பை நான் எப்படி அறுப்பேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அந்த முட்டிக்காக ஐஸ்கிரீம் கடையில் அவமானப்பட்டவன் நான். ஆனால் மாமா என்னிடம் திரும்பி, "அறுத்த பின்னாடி, ஓடற ஓட்டத்துல தானா கழண்டுடுத்துன்னா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் தைரியமெல்லாம் மேஜைமேல் வந்த தைரியம். பனியைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அந்த நிமிஷம் அவருக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது.

"மாமா, நீங்களே மாட்டிப் பாருங்க" என்றேன். கடையிலிருந்த அதே ரகக் கட்டையையும் பூட்ஸையும் எடுத்துவைத்து, ஜிம் மெத்தை நாலை அடுக்கினோம். எண்ணை இருப்பதிலேயே குறைத்து வைத்தேன். ரமேஷ் ஐஸ்கிரீம் கரண்டியோடு ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான், மறுபக்கம் நான். போனைக் கேரம் போர்டில் சாய்த்து வைத்திருந்தோம். வேட்டியை மடித்துக் கட்டி, பனிச்சறுக்கு பூட்ஸில் நின்ற சம்பத் மாமா பெருமாள் பெயரைச் சொல்லிப் பக்கவாட்டில் சாய்ந்தார். 'டக்'. மாமா மெத்தைமேல், கட்டை தனியாக. போனிலிருந்து "அப்பா, அப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் படுத்தபடியே முட்டியை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். அப்புறம் போன் பக்கம் தலையைத் திருப்பினார்: "அறுத்துடு கொழந்தே. இது விட்டுடறது."

திரும்பி வந்தபோது

வைதேஹி இரண்டு காலில் நடந்து கடைக்கு வந்தாள். எனக்கு ஒரு பை வால்நட் கொண்டுவந்திருந்தாள். ஏறும்போது கழலவில்லை, ஓடும்போது கழலவில்லை. கடைசி நாள் இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் மாட்டித் தலைகுப்புற விழுந்திருக்கிறாள். அந்த நொடியில் இரண்டு கட்டையும் விட்டுவிட்டன. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஸ்க்ரூ டிரைவர் தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன்.

மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேரம் காயின் வாங்க வந்தவர், டிரெட்மில் விலை கேட்க வந்தவர், கடன்காரனைத் தேடி வந்தவர் என்று ஒருவர் விடாமல் தோளைத் தொட்டு நிறுத்தி, என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கேளுங்கோ, எங்க பொண்ணுக்கு ரெண்டும் கழண்டுடுத்து, அத்தனை நன்னா கழண்டுடுத்து."

எதையும் கழலாதபடி இறுக்கிக் கட்டித்தர ஆயிரம் பேர் இருக்கிற இந்த ஊரில், விட வேண்டிய நேரத்தில் விடவைப்பதற்கு என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன், அதுவும் பனியைப் பார்க்காமலே.