பிறந்த ஊரில் ரூம் தேடிய குணா

குணா போய்விட்டார்.

இன்று காலை அவருடைய தங்கை தேவி கூலாயிலிருந்து போன் செய்தாள். "அக்கா... அண்ணன் இல்லக்கா" என்றாள்.

குணா வியட்நாமில், டா நாங் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தார். காலைச் சாப்பாட்டுக்குக் கீழே வரவில்லையே என்று வீட்டுக்கார அம்மா போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். மாரடைப்பு. தூக்கத்திலேயே...

வயது நாற்பத்து நாலுதான்.

இங்கே பலருக்கு அவரை அவருடைய இன்டர்நெட் பேஜ் மூலமாகத்தான் தெரியும். லேப்டாப்பில் வேலை செய்துகொண்டு எந்த ஊரில் எப்படி வாழலாம், என்ன செலவாகும் என்று எழுதுவாரே, அந்தக் குணா.

எனக்கு அவர் ஆபீஸ் குணா. சிங்கப்பூரில் ஒரே கம்பெனியில் ஏழு வருடம், பக்கத்துப் பக்கத்து மேசை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவிலிருந்து ஒரே பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருவோம்.

பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும்போதெல்லாம் போனில் ஏதாவது ஒரு ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மீனா, இந்த ஊர்ல ரூம்லேருந்து கடலுக்கு நடந்தே போலாமாம்" என்பார். நான் பாதித் தூக்கத்தில் "ம்" என்பேன்.

பிறகு கம்பெனி ஆபீஸைச் சின்னதாக்கிவிட்டு எங்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. நான் செனாயில் என் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக்கொண்டேன். குணா பெட்டியைக் கட்டினார். அவர் அம்மா அந்த வருடம்தான் தவறியிருந்தார், இரு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

சியாங் மாய், பாலி, டா நாங்... ஒரு மாதமாவது தங்கிப் பார்க்காமல் எந்த ஊரைப் பற்றியும் எழுத மாட்டார்.

சியாங் மாயில் எல்லாம் மலிவு, ஆனால் காட்டை எரிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறக்க முடியாது, காற்றைச் சுத்தம் பண்ணும் மெஷினையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். பாலியைப் பற்றி, போட்டோவில் தெரிகிற வயல் நம் ரூமிலிருந்து தெரியாது என்று எழுதினார்.

வாடகை, இன்டர்நெட், சாப்பாடு, ஆஸ்பத்திரி என்று கட்டம் போட்டு ஊர்களை ஒப்பிடுவார். கடைசிக் கட்டம் எப்போதும் கறிவேப்பிலை கிடைக்குமா என்பதுதான்.

போன வருடம் திரும்பி வந்தார்.

"போதும் மீனா. தேவி பிள்ளைங்க வீடியோ கால்லயே வளந்துடுச்சுங்க" என்றார். தேவியின் ஃப்ளாட்டில் ஏற்கெனவே ஆறு பேர். ஜொகூர் பாருவில் ஒரு ரூம் கிடைத்தால் போதும் என்று தேட ஆரம்பித்தார்.

போனில் பேரைச் சொன்னதும் முதல் கேள்வி, இந்தியனா? ஆமாம் என்றதும் ரூம் போய்விட்டது என்பார்கள். சிலர் நேராகவே, ஓனர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள்.

நமக்கு இது புதிதில்லை... ஆனாலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஏஜெண்ட் லாபிக்கு இறங்கி வந்தார். குணாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இப்போதுதான் வேறு ஆள் எடுத்துவிட்டார் என்றார். ரூம் சாவி அவர் கையிலேயே இருந்தது.

வெளியே வந்து ஒரு கடையில் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தோம்.

"எத்தனையோ ஊர்ல ரூம் எடுத்துட்டேன். பொறந்த ஊர்ல கிடைக்கல லா."

"இத எழுதுங்க குணா."

"எந்தக் கட்டத்துல எழுதறது?"

மிச்ச டீயைக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஒன் வீட்டு மேல் ரூம் சும்மாதான இருக்கு மீனா?"

"அதுல சாமான் போட்டு வச்சிருக்கோம் குணா" என்றேன்.

அந்த ரூமில் துணி அயர்ன் பண்ணுகிற மேசை மட்டும்தான் இருந்தது. கணவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மாமியார் என்ன சொல்வார், பக்கத்து வீட்டில் என்ன பேசுவார்கள்... எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் மனதில் ஓடிவிட்டது.

"ஓ... ஓகே ஓகே" என்றார். அப்புறம் என் மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார்.

அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார்.

டா நாங் போய்ச் சேர்ந்ததும் ஜொகூர் பாருவைப் பற்றி எழுதினார். சாப்பாடு, இன்டர்நெட், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நல்ல மார்க். கறிவேப்பிலை வேலியோரமே கிடைக்கும் என்று போட்டிருந்தார். வாடகைக் கட்டத்தில் மட்டும், "எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் தெரியாது."

கீழே நிறைய பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

இன்று மதியம் தேவி வீட்டில் இருந்தேன். டா நாங் வீட்டுக்கார அம்மா வீடியோ காலில் வந்தார். அவர் பேசியது இவளுக்குப் புரியவில்லை, இவள் பேசியது அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள்.

பிறகு அந்த அம்மா போனைத் திருப்பிக் காட்டினார். குணாவின் ரூம் வாசலில் ஒரு கிண்ணம் சோறு, ஊதுபத்தி, ஒரு கிளாஸ் காபி. காபியைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னார். தேவி தலையை ஆட்டினாள்.

தகனம் அங்கேயே நடக்கிறது. அஸ்தி வந்ததும் பொந்தியான் கடலில் கரைக்கிறோம். நாள் தெரிந்ததும் சொல்கிறேன், அவரைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாங்க குணா. என்னை மன்னிச்சிடுங்க.