தகப்பன் வழி வந்தது

அறுபத்தெட்டு வயதிலும் ஏணியை விடாத பெயிண்டருக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியது. "வயசாச்சு, வேறென்ன" என்று தட்டிக்கழித்துவந்தார். ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "இதயத் தசை தடிச்சிருக்கு. பரம்பரையா வர்றது. வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்க பையன்" என்றாள் மனைவி. "பந்து விளையாடிட்டிருந்தவன் அப்படியே சுருண்டு விழுந்துட்டான்."

பெயிண்டர் தலைநிமிரவில்லை. "நான் கொடுத்ததுதானா டாக்டர்?"

"தெரிஞ்சு கொடுக்கலீங்களே. வேற பிள்ளைங்க இருந்தா உடனே பரிசோதிக்கணும்."

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வாம்மா."

"ஐயோ, உங்களுக்கு என்னப்பா?"

"எனக்கில்லம்மா, உனக்குத்தான்" என்றார்.