வெளுத்துப்போன கோபுரம்

செக்காலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சந்திரலேகாவுக்கு உச்சி வெயில்தான் வேலை நேரம். நடை சாத்தினால்தான் கோவிலில் ஆள் இருக்காது. திருப்பணிக் குழுக்காரர்கள் கும்பாபிஷேக மலரில் போட ஆளில்லாத கோபுரம்தான் கேட்பார்கள். அந்த வெயிலில் கோபுரம் கண்ணைக் குத்தும், மண்டபம் கரியாகக் கிடக்கும். இரண்டும் ஒரே படத்தில் அடங்காது. அதனால் ஒரு அழுத்துக்கு மூன்று படம் விழும்படி கேமராவை வைத்திருப்பாள். ஒன்று அளவாக, ஒன்று இருட்டாக, மூன்றாவது நிழலுக்குள் இருப்பதும் தெரிகிற அளவுக்கு வெளிச்சமாக. இதையெல்லாம் கேட்க எந்தக் குழுக்காரருக்கும் பொறுமை இருந்ததில்லை.

காளையார்கோவில் பக்கத்தில் ஒரு சிவன் கோவில். அங்கே காவலுக்கு இருந்த பெத்தன் மட்டும் அவள் வந்தால் கல்தரையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவான்.

“யக்கா, எப்புடித்தான் வெறுங்காலோட நிக்கிறீகளோ.”

கோவிலின் வெண்கல மணிகளைக் குழுத் தலைவன் முத்தரசு விற்றுத் தின்றதை வெளியே சொன்னவனும் இந்தப் பெத்தன்தான். போன சித்திரையில் ஒரு நாள், கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சந்திரலேகா கோபுரத்துக்குக் குறி வைத்து அழுத்தினாள். அதே நொடி “யக்கா” என்று ஓர் அலறல். மண்டபத்தில் முத்தரசு கடப்பாரையால் பெத்தனின் மண்டையில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். நாய் பிடிக்கிறவன்கூட நாயை அப்படி அடிக்க மாட்டான். அவளுக்குக் கால் நகரவில்லை.

அடுத்து முத்தரசு அவளிடம் வந்து தலைமயிரைப் பிடித்து இழுத்தான்.

“எடுத்தியா? இங்குட்டு காட்டு.”

வெயிலில் திரை தெரியவில்லை. ரத்தம் தெறித்த தன் துண்டையே கேமராவுக்கு மேலே போர்த்திக் குனிந்தான். அவள் இருட்டாக விழுந்த படத்தைக் காட்டினாள். மண்டபம் முழுக்கக் கறுப்பு. அதையும் அழிக்கச் சொன்னான். அழித்த கையோடு கேமராவை அணைத்துவிட்டாள். அப்படியும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவள் வலது மணிக்கட்டைக் கல்லில் வைத்து மிதித்தான். எலும்பு முறிந்தது அவள் காதிலேயே கேட்டது.

“சாரத்துல இருந்து விழுந்து செத்தான். நீயும் பாத்தே. என்ன?”

“பாத்தேன்.”

போலீஸிலும் அதையே சொன்னாள். உயிர்ப் பயம். ஆனால் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டவனை விட்டுவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், மாவுக்கட்டுக் கையோடு உட்கார்ந்து, அழிக்காத மற்ற இரண்டு படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தாள்.

மூன்றாவது படத்தில் முத்தரசின் முகமும் ஓங்கிய கடப்பாரையும் பளிச்சென்று இருந்தன. கீழே பெத்தன். அவன் கை தலையை மறைக்கவில்லை. அவளைப் பார்த்தபடி அந்தக் கையால் வெளிவாசலைக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் உதவிக்குக் கூப்பிடவில்லை, ஓடச் சொல்லியிருக்கிறான். படுபாவி, சாகிற நேரத்திலும் அவளைப் பற்றித்தான் நினைத்திருக்கிறான். சந்திரலேகா வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“படம் கெட்டுப்போச்சேம்மா. கோபுரம் பூரா வெளுத்துக் கெடக்கு.”

“கோபுரம் கெடக்கட்டும் சார். கீழ பாருங்க.”